ஏழாவது வரிக்கு என்ன மாலை

மணி இரண்டு பத்து. எப்சிபா ஏழாவது வரியில் சிக்கிக்கொண்டு கிடந்தாள். மொத்தமே பதினான்கு வரிப் பட்டியல். ஜெர்மனியிலிருந்து வருகிற ஒன்பது பேர், அவர்கள் இங்கே பார்க்க விரும்புகிற ஐந்து பேர், ஆளுக்கொரு வரி, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஜெர்மன் மொழியில் அவரவருடைய திருச்சபைப் பதவி. அந்தப் பதவிகளை ஆங்கிலமாக்கி ஐந்து மணிக்குள் முன்னறைக்கு அனுப்பிவிட வேண்டும், அங்கிருந்து கிருபாவதி அச்சகத்துக்கு அனுப்புவாள், சனிக்கிழமை காலை சென்னையில் விருந்தாளிகள் இறங்கும்போது கையில் வண்ணப் புத்தகம் இருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாகச் செய்கிற வேலை. இந்தப் பொறையாறு அலுவலகத்தில் மட்டுமல்ல, இந்தத் திருச்சபை முழுவதிலுமே ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான், அவள் 'இது இதுதான்' என்றால் அது அதுதான். ஆறு வரி மளமளவென்று வந்துவிட்டது. ஏழாவதில் விரல் நின்றது. தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் 'டக்' என்றது, மத்தியானம் தின்ற புளிச்சாதம் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வேர்த்தது. ஏழாவது வரியில் இருந்தது 'ப்ரோப்ஸ்டின் நேசமலர் ப்ராண்ட்'. ப்ராண்ட் அவளுடைய புருஷன் பெயர். நேசமலர் இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இறையியல் படித்தவள். ப்ரோப்ஸ்டின் என்பதுதான் வம்பு.

வம்பு என்றால் அர்த்தம் தெரியாத வம்பு இல்லை, அர்த்தம் நன்றாகவே தெரியும், அதுதானே வம்பே. அகராதியில் ஒரு ஆங்கில வார்த்தை இருக்கிறது, அதைப் போட்டால் வரவேற்புக் குழுவில் யாருக்கும் ஒரு மண்ணும் புரியாது. முதல் வருஷம் அகராதியை நம்பி அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா. ஓபர்கிர்ஹென்ராட் என்று ஒருவர் வந்தார், அவள் எழுத்துக்கு எழுத்து 'மேல் திருச்சபை ஆலோசனை மன்றம்' என்று ஆங்கிலத்தில் போட்டுவிட்டாள், வரவேற்புக் குழு ஒரு மன்றமே வருகிறது என்று பன்னிரண்டு நாற்காலி போட்டு, பன்னிரண்டு பேருக்குக் கோழி அடித்துக் காத்திருந்தது. வேனிலிருந்து கையில் குடையோடு ஒல்லியாக ஒரே ஒரு மனிதர் இறங்கினார். மற்றவர்கள் பின்னால் வருகிறார்களா என்று அன்றைய பேராயர் அவரிடமே கேட்டார். அடுத்த வருஷம் சூப்பரின்டென்டென்ட் என்று ஒருவர் வந்தார், அங்கே அவருக்குக் கீழே நாற்பது சபை, நாற்பது ஆயர்கள். ஆங்கிலத்திலும் அதே வார்த்தைதானே என்று இவள் அப்படியே விட்டாள். இங்கே அந்தப் பெயரில் ஊரறிந்தவர் விடுதிக் கண்காணிப்பாளர் ஒருவர்தான், ஆகவே பெரிய மனிதரைக் கொண்டுபோய் ஆண்கள் விடுதியில், இரும்புக் கட்டிலில், மூட்டைப்பூச்சிகளோடு படுக்க வைத்தார்கள். அப்புறம்தான் அவள் தன் தொழிலைக் கற்றாள். சொல்லைப் பார்க்காதே, நாற்காலியைப் பார். அந்த ஆளுக்குக் கீழே எத்தனை சபை, மேலே எத்தனை பேர், அங்கே எந்த நாற்காலியில் உட்காருகிறார், இங்கே அதற்குச் சமமான நாற்காலியில் யார் உட்காருகிறார், அவருக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதைப் போடு. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு நாற்காலிகூட மாறவில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. வெளியே சொல்லிக்கொள்கிற பெருமை இல்லை, குளிக்கும்போது நினைத்துக்கொள்கிற பெருமை.

வரவேற்புக் குழுவுக்குத் தெரிந்த தரம் மூன்றே மூன்று. பேராயர் தரம் என்றால் ஆளுயர ரோஜா மாலை, பலிபீடத்துக்குப் பக்கத்தில் முதுகு உயர்ந்த நாற்காலி, பவனியில் கடைசி இடம், ஏனென்றால் பவனியில் பெரியவர்தான் கடைசியில் வருவார். ஆயர் தரம் என்றால் சந்தன மாலை, மூன்றாவது வரிசை, பவனியில் நடுவில் எங்கேயோ. மற்றவர்களுக்கு ஒரு துண்டு. குழு ஆங்கிலப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் பூக்காரருக்கே சொல்லி அனுப்பும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ப்ரோப்ஸ்ட் வந்தார், ஆண், தக்காளி நிறத்தில் பெரிய முகம். ஏழெட்டு மாவட்டத் தலைவர்கள் அவருக்குக் கீழே, அவருக்கு மேலே பேராயர் மட்டும். எப்சிபா கண்ணை மூடிக்கொண்டு 'ரீஜனல் பிஷப்' என்று போட்டாள். ரோஜா மாலை விழுந்தது, மனிதர் மூச்சுவிட முடியாமல் தும்மினார், எல்லாம் சரியாக நடந்தது. அதே பதவிதான் இது. பெண் என்பதால் வாலில் ஒரு 'இன்' சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 'ரீஜனல் பிஷப்' என்று பதினான்கு எழுத்தைத் தட்டிவிட்டு எட்டாவது வரிக்குப் போகவேண்டியதுதானே. தட்டுவாளா? அவள் 'சீனியர் பாஸ்டர்' என்று தட்டிப் பார்த்தாள். தட்டியதும் நெஞ்சில் இருந்த புளிச்சாதம் கொஞ்சம் இறங்கினமாதிரி இருந்தது. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. மூத்த ஆயர்தானே, அறுபது வயதாகிறதே, மூத்தவள்தானே. யார் வந்து கேட்கப்போகிறார்கள்? இந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை உச்சரிக்கத் தெரிந்தவர் யார்?

அந்த நேசமலருக்கே ஜெர்மனைச் சொல்லிக்கொடுத்தது யார், அதைக் கேட்க வேண்டாமா. கல்லூரி மெஸ்ஸில் ஆறிப்போன இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு, எந்தப் பெயர்ச்சொல் ஆண், எது பெண், எது இரண்டும் இல்லை என்று ஒரு வருஷம் முழுக்க உருப்போட வைத்தது யார். நேசமலருக்கு நாக்கே வளையாது. 'திருச்சபை' என்ற வார்த்தையையே ஆண்பாலாக்கிவிடுவாள், சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள், அந்தச் சிரிப்பில் எல்லாரும் மயங்கிவிடுவார்கள், தப்பு மறந்துபோகும். எப்சிபா தப்பே செய்ததில்லை, அதனால் யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை. ஜெர்மனிக்கு ஒரே ஒரு உதவித்தொகை வந்தது. எப்சிபாவின் பெயர்தான் முதலில் இருந்தது, எண்பத்தாறு மதிப்பெண், நேசமலருக்கு அறுபத்தொன்று. யாராவது தடுத்தார்களா? இல்லையே, அதுதான் இத்தனை வருஷமாகக் குடைகிறது. அப்பா 'உன் இஷ்டம்மா' என்றார். ஜூன் மாதம் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த சாமுவேல்துரைகூட 'போய்ட்டு வா, நான் எங்க ஓடிடப் போறேன், ரெண்டு வருஷந்தானே' என்று பௌதிக வாத்தியாருக்கே உரிய நிதானத்தோடு சொன்னார். அவள்தான் பயந்தாள். குளிருக்கா, தனிமைக்கா, ரெண்டு வருஷத்தில் இந்த மனிதர் மனம் மாறிவிடுவாரோ என்றா, இன்றைக்கு வரைக்கும் அவளுக்கே தெரியாது. 'நேசா போகட்டும்' என்று தன் வாயால் சொன்னாள். எல்லாரும் அதைத் தியாகம் என்றார்கள், அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். ரயிலடியில் தன் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்து, ஊட்டிச் சுற்றுலாவில் ஆசையாக வாங்கியது, நேசமலர் கையில் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. 'எப்சி, இந்த ஊர்க் குளிருக்கு உன் ஸ்வெட்டர் காணாதுடி, பனியன் மாதிரி உள்ளே போட்டுக்கிறேன்.' பனியன் மாதிரி. முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்த வரியை நினைத்தால் காது மடல் சுடுகிறது. திருப்பி அனுப்பியிருக்கலாமே, காணாது என்றால்.

அப்புறம் படம் வந்தது. கறுப்பு அங்கி, கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டை, கல்லாலான கோயிலின் படிக்கட்டில் நேசமலர் கையை உயர்த்தி யாரையோ ஆசீர்வதித்துக்கொண்டு நிற்கிறாள், குருப்பட்டம் பெற்ற நாள். எப்சிபா அந்தப் படத்தில் முகத்தைப் பார்க்கவில்லை, உயர்ந்திருந்த கையின் மணிக்கட்டைப் பார்த்தாள், அங்கியின் கைக்குள்ளே சாம்பல் நிறம் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். சாமுவேல்துரை 'என்ன தேடுறே' என்றார். 'ஒண்ணுமில்ல' என்றாள். இப்போதும் அதே 'ஒண்ணுமில்ல'தான். காலையில் கிளம்பும்போது அவர் 'ஏன் இப்படிப் பெருமூச்சா விட்டுத் தள்ளுற, ஆஸ்பத்திரிக்குப் போலாமா' என்று கேட்டபோதும் அதேதான் சொன்னாள். பொறாமைக்கு ஆஸ்பத்திரியில் என்ன கொடுப்பார்கள். பொறாமை என்று சொல்லிவிட்டாளே, சரி, மனசுக்குள்தானே. பொறாமைதான். வயிற்றெரிச்சல்தான். அறுபது வயதில், பேரப்பிள்ளை எடுத்த பிறகு, ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடினால் நேசமலரின் உயர்ந்த கைதான் வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மிஷன் பத்திரிகையில் ப்ரோப்ஸ்டின் ஆன செய்தி வந்தது, மார்பில் சங்கிலியோடு சிலுவை தொங்கியது, அதைத் தமிழாக்கி இங்கே செய்திமடலில் போடு என்று பேராயர் சொன்னார். 'நம்ம பொண்ணு ஒருத்தி அங்க இவ்வளவு பெரிய இடத்துக்குப் போயிருக்கா, நமக்கு எவ்வளவு பெருமை' என்றார். எப்சிபா அந்த இதழில் இடம் போதவில்லை என்று அடுத்த இதழுக்குத் தள்ளினாள், அடுத்த இதழ் தவக்காலச் சிறப்பிதழ், அதற்கடுத்தது பழைய செய்தி. இப்படி ஒரு செய்தியைக் கொல்வதற்கு அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே வந்தது.

மணி மூன்று ஐந்து. கிருபாவதி டீ டம்ளரோடு உள்ளே வந்தாள். அலுவலகத்தின் முன்னறை முழுக்க இருபத்திரண்டு வருஷமாக அவள் ஆட்சி, இவளைவிட நான்கு வயது சின்னவள், சத்தமாகப் பேசுவாள், யார் மேலும் வன்மம் வைக்கத் தெரியாதவள். "என்னக்கா, முடிஞ்சுதா? பிரஸ்காரரு ரெண்டு தடவ போன் போட்டுட்டாரு." "இன்னும் கொஞ்சம் இருக்கு கிருபா." "பதினாலு பேருக்கு இவ்வளவு நேரமா? வழக்கமா ஒரு மணி நேரத்துல தள்ளிடுவீங்களே." "இந்த வருஷம் பதவியெல்லாம் கொஞ்சம் சிக்கலா இருக்கு." கிருபாவதி திரையை எட்டிப் பார்த்தாள், ஜெர்மன் எழுத்துகளைப் பார்த்ததும் "அம்மாடி" என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "உங்க ஃப்ரெண்டு ஒருத்தங்க வராங்களாமே, பேராயர் சொன்னாரு. எவ்வளவு வருஷம் கழிச்சுப் பாக்கப் போறீங்க! நான் இருந்தா தூக்கமே வராது." "எனக்கும் வரல" என்றாள் எப்சிபா. அது உண்மை. டீயில் சர்க்கரை கூடியிருந்தது. கிருபாவதி போன பிறகும் 'ஃப்ரெண்டு' என்ற சொல் அறையில் நின்றது. ஃப்ரெண்டுதான், அதில் என்ன சந்தேகம், ஃப்ரெண்டாக இல்லாதவள் மேல் இவ்வளவு எரியுமா.

ஏழாவதைத் தாண்டி எட்டும் ஒன்பதும் சட்டென்று முடிந்தன, ஒருவர் வெறும் ஆயர், இன்னொருவர் கோயிலில் மணி அடித்து விளக்கு ஏற்றி மெழுகு துடைக்கிறவர், கோயில்பிள்ளை, அவரைக்கூட மதித்துக் கூட்டி வருகிறார்கள், அது ஒரு நல்ல விஷயம். பத்தாவது இங்கத்திய பேராயர். பதினொன்று கல்லூரி முதல்வர். அப்புறம் பன்னிரண்டு. காலையில் பட்டியல் வந்தவுடனே பன்னிரண்டாவது வரியைப் பார்த்துவிட்டாள், பார்த்ததிலிருந்து திரையில் அந்த இடத்துக்குக் கீழே இறங்கவே இல்லை, ஏழாவது வரியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததுகூடப் பாதி அதற்காகத்தான். பன்னிரண்டாவது வரி இதுதான்: 'பாரரின் எப்சிபா சாமுவேல்'. பாரரின் என்றால் பெண் ஆயர். குருப்பட்டம் பெற்றவள். பக்கத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு வாக்கியம், பட்டியலைத் தயாரித்த நேசமலரே எழுதியது. 'ஞாயிறு ஆராதனையில் இவரோடு சேர்ந்து நின்று நற்கருணை கொடுக்க விரும்புகிறேன்.' எப்சிபா ஆயர் இல்லை. ஒருநாளும் ஆனதில்லை. சம்பளப் பட்டியலில் அவள் மொழிபெயர்ப்பாளர், அடையாள அட்டையில் மொழிபெயர்ப்பாளர், இந்த ஊரில் நாய்க்கும் பூனைக்கும்கூடத் தெரியும் அவள் மொழிபெயர்ப்பாளர் என்று. நேசமலர் ஒருத்திக்குத்தான் தெரியாது. ஏன் தெரியாது? எப்சிபா சொன்ன பொய்தான் காரணம்.

பொய்கூட இல்லை, ஒரே ஒரு சொல். பதினாறு வருஷத்துக்கு முன்னால் இங்கே பெண்களுக்கும் குருப்பட்டம் என்று தீர்மானம் வந்தது, மன்றத்தில் ஆண்கள் எழுந்து நின்று தங்களுக்கே கைதட்டிக்கொண்டார்கள், அந்தத் தீர்மானத்தை ஜெர்மனாக்கி மிஷனுக்கு அனுப்பியதும் இவள்தான். மூன்றாவது பத்தியில் வயது வரம்பு நாற்பது என்று இருந்தது. அவளுக்கு நாற்பத்து நான்கு. நாற்பது என்ற எண்ணை ஜெர்மனில் தட்டும்போது விரல் தப்பவில்லை, அவள்தான் தப்பே செய்யாதவளாயிற்றே. அப்போதைய பேராயரிடம் போய் நின்றிருக்கலாம், முதல் தடவைதானே, எனக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அங்கேயும் யாரும் தடுக்கவில்லை, பாருங்கள், அவளுடைய வாழ்க்கையில் தடுக்கிறவர்களே கிடையாது. மறு மாதம் நேசமலரிடமிருந்து கடிதம், செய்தியைப் பத்திரிகையில் படித்தேன், எப்சி, முதல் ஆள் நீதானே, எனக்குத் தெரியும், நீயில்லாமல் யார், ஆமாம் என்று ஒரு வரி எழுது, நான் இங்கே என் சபையில் உனக்காக மணி அடிக்கச் சொல்கிறேன். எப்சிபா பதில் கடிதத்தில் மழை, மகளின் படிப்பு, முழங்கால் வலி எல்லாம் எழுதிக் கடைசியில் 'ஆமாம்' என்று எழுதினாள். எழுதின கையோடு தபால் பெட்டியில் போட்டாள். போட்ட நிமிஷமே அந்தப் பெட்டிக்குள் கையை விட முடியுமா என்று பார்த்தாள். எங்கோ ஒரு ஜெர்மன் கிராமத்தில் அவளுக்காக ஒரு மணி அடித்திருக்கிறது. நேசமலர் சொன்னால் செய்வாள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் வாழ்த்து அட்டை வருகிறது, உறையின் மேல் கொட்டை எழுத்தில் 'பாரரின் எப்சிபா சாமுவேல்'. தபால்காரர் ஒரு தடவை கேட்டார், "என்னம்மா இது, பேருக்கு முன்னாடி?" "அது அங்க மிஸஸ் மாதிரி" என்றாள். தெரிந்தே தப்பாக மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை. நேசமலரின் அப்பா அம்மா அண்ணனோடு கனடா போய்விட்டார்கள், இந்தப் பக்கம் அவளுக்கு உறவு என்று யாரும் இல்லை, பொய் உடையாமல் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. உறைகள் எல்லாம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கின்றன. எறிய மனசு வரவில்லை. உலகத்திலேயே அந்தப் பதினாறு உறைகளில்தான் அவள் ஆயர்.

அவள் அந்த வேலையைச் செய்ததே இல்லையா என்று கேட்டால், அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. போன வருஷம் ஜெர்மன் பேராயர் ஒருவர் இங்கே நற்கருணை நடத்தினார். பீடத்தில் அவர், ஒரு படி கீழே இவள், மொழிபெயர்ப்பாளரின் இடம் எப்போதும் ஒரு படி கீழே. அவர் அப்பத்தை எடுத்தார், ஜெர்மனில் சொன்னார். இவள் தமிழில் சொன்னாள். 'இது உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என் சரீரம்.' ஒலிபெருக்கியில் அவளுடைய குரல்தான் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போனது, சபையார் அந்தக் குரலுக்குத்தான் தலை குனிந்தார்கள், அவருடைய ஜெர்மனுக்கா குனிந்தார்கள்? வார்த்தை முழுக்க அவள் வாயிலிருந்து வந்தது, அப்பம் மட்டும் அவர் கையில் இருந்தது. தன் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் கிழவி ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்து, "நீ சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சும்மா" என்றாள். அந்த ராத்திரி எப்சிபா சமையலறையில் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் எடுத்து இரண்டாக உடைத்துப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை, பயம். பிறகு அதைப் பாலில் நனைத்துத் தின்றுவிட்டாள்.

மணி நான்கு இருபது. பன்னிரண்டாவது வரியில் என்ன போடுவது? 'மொழிபெயர்ப்பாளர்' என்று போட்டால் புத்தகம் சனிக்கிழமை சென்னையில் நேசமலர் கைக்குப் போகும், அவள் முதலில் தேடுவது இந்தப் பெயரைத்தான், இடி மாதிரி விழும். வரியையே எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது, ஆனால் வேனிலிருந்து இறங்கிய உடனே நேசமலர் அந்தச் சிரிப்போடு பேராயரிடம் கேட்பாள், பாஸ்டர் எப்சி எங்கே, என்று, சத்தமாக, எல்லார் முன்னாலும். ஜுரம் என்று படுத்துக்கொள்ளலாம், நான்கு நாள் ஜுரம். படுத்துக்கொண்டால் அவளே வீடு தேடி வருவாள், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வருவாள், அவள் அப்படிப்பட்டவள், அதுதான் அவளிடம் சகிக்க முடியாத விஷயமே. கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா. எப்சிபா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் 'ரெவரெண்ட் எப்சிபா சாமுவேல்' என்று ஆங்கிலத்தில் தட்டினாள். பார்த்தாள். நன்றாக இருந்தது. மேலே இருந்த மற்ற ரெவரெண்டுகளோடு வரிசையில் ஒட்டிக்கொண்டு, புதிதாக ஏறினமாதிரி இல்லாமல், எப்போதுமே அங்கே இருந்தமாதிரி இருந்தது. இங்கே யார் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறார்கள்? ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் படத்தையும் பார்ப்பார்கள், மூடி வைப்பார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் படிப்பார்கள், அவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் ஒரு நாள் ஜுரம் போதும். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டாள். ரெவரெண்டை அழிக்க வேண்டும் என்று விரல் போனது, பிறகு அந்தப் பக்கமே போகாமல் பதிமூன்றுக்கு இறங்கியது. இருக்கட்டும். ஒரு தாளில், ஒரு வரியில் இருந்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருஷமாக எவரெவருக்கோ நாற்காலி தேடித் தேடிப் போட்டாயிற்று. ஏழாவது வரியிலும் 'சீனியர் பாஸ்டர்' அப்படியே இருந்தது. ரெவரெண்டுக்கு ரெவரெண்ட், இரண்டு பேருக்கும் சந்தன மாலை, சரிக்குச் சரி. இது ஒன்றும் அநியாயம் இல்லை என்று நினைத்தாள், நினைக்கும்போதே அநியாயம் என்று தெரிந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். சின்னப் பெண்போல, தப்புச் செய்துவிட்டு, சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கிருபாவதி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், சிரித்துக்கொண்டே வந்தாள். "முடிச்சாச்சுக்கா, பிரஸ்ஸுக்கு அனுப்பப் போறேன். ஒரு சின்னத் தப்பு இருந்துச்சு, நானே திருத்திட்டேன்." எப்சிபா எழுந்து நின்றாள். "எந்தத் தப்பு?" "உங்க பேருலதாங்க்கா. ரெவரெண்ட் எப்சிபான்னு விழுந்திருந்துச்சு. மேலேர்ந்து ரெவரெண்ட் ரெவரெண்ட்னு அடிச்சுட்டே வந்தீங்களா, கை பழக்கத்துல அதுவும் விழுந்துடுச்சு. எடுத்துட்டு மிஸஸ் போட்டு, டிரான்ஸ்லேட்டர்னு போட்டுட்டேன். நல்லவேளை நான் பாத்தேன், இல்லன்னா சிரிப்பா சிரிச்சிருப்பாங்க." சொல்லிவிட்டுக் கிருபாவதியே ஒரு தரம் சிரித்தாள், அதில் துளி விஷம் இல்லை. அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு மத்தியானம் முழுக்க, அதற்கு முன்னால் பதினாறு வருஷம், அதற்கும் முன்னால் ஒரு ரயிலடியிலிருந்து எப்சிபா எதை உருட்டிக்கொண்டிருந்தாளோ, அதைக் கிருபாவதி சட்டையில் ஒட்டின நூலைத் தட்டிவிடுவதுபோலத் தட்டிவிட்டாள். சந்தேகம்கூட வரவில்லை அவளுக்கு. வேண்டுமென்று செய்திருப்பாளோ என்று ஒரு நொடி நினைத்திருந்தால்கூட எப்சிபாவுக்கு மரியாதையாக இருந்திருக்கும். "உங்க ஃப்ரெண்டு சீனியர் பாஸ்டரா இருக்காங்களா, பரவாயில்லையே. மூணாவது வரிசையில நாற்காலி, சந்தன மாலை, பூக்காரருக்குச் சொல்லிடறேன்" என்று கிருபாவதி திரும்பினாள். ஏழாவது வரியில் இருந்த தப்பு அவள் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் உலகத்தில் இந்தப் பக்கம் ஒருத்திதான், செய்ததும் அவள்தான். அவளுடைய ஆசை அரை நிமிஷத்தில் திருத்தப்பட்டுவிட்டது, அவளுடைய அற்பத்தனம் மட்டும் அச்சுக்குப் போகப்போகிறது, நல்ல பளபளப்பான தாளில்.

"கிருபா" என்றாள் எப்சிபா. குரல் தனக்கே புதிதாக இருந்தது. "இன்னொரு தப்பும் இருக்கு." "எதுலக்கா?" "ஏழாவது வரியில." கிருபாவதி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "என்ன போடணும்?" எப்சிபா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தையை வெளியே தள்ளினாள். "ரீஜனல் பிஷப்." "அடேயப்பா! அப்போ ரோஜா மாலையா?" "ரோஜா மாலை. பீடத்துப் பக்கத்துல உசந்த நாற்காலி. பவனியில பேராயரோட கடைசியில வரணும்." "சீனியர் பாஸ்டருக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்குமா இருக்கே, எப்படிக்கா நீங்க போய்..." என்று ஆரம்பித்த கிருபாவதி, பதிலுக்குக் காத்திராமல் பேனாவை எடுத்துத் திருத்திக்கொண்டாள். "கூடப் படிச்சவங்க இவ்வளவு பெரிய ஆளா வராங்க, உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!" "பொறாமையா இருக்கு" என்றாள் எப்சிபா. வாழ்நாளில் முதல் தடவையாக வாய்விட்டு, ஒரு ஆள் காதில் விழச் சொல்லிவிட்டாள். கிருபாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், "போங்கக்கா, உங்களுக்குப் போய் பொறாமையா, நல்ல ஜோக்கு" என்று கதவு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். கதவடியில் நின்று கேட்டாள். "அந்த மாலைய யாரு போடறதுன்னு எழுதணுமே, பேராயரம்மாவா?" ஆளுயர மாலை கனக்கும், இரண்டு கையாலும் தூக்க வேண்டும், நேசமலர் நெட்டை, எம்பித்தான் போட வேண்டும், போடும்போது வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் போகும், மேளச்சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. அன்றைக்குக் கடிதத்தில் ஆமாம் என்று எழுத ஒரு நொடிதான் ஆயிற்று. புத்தகம் முன்னாலேயே காட்டிக்கொடுத்திருக்கும், இருந்தாலும் நான் ஆயர் இல்லை என்று தன் வாயால் சொல்லவும் ஒரு நொடி போதும். "என் பேரப் போடு" என்றாள். "நான் போடறேன்."